போட்டிக்கு இன்னும் பதினொரு நாள்

இன்று காலை நாற்பது நிமிடம் ஓடினேன். உடம்பு சூடேறி, மூச்சு சீராகி, கால் தானாகப் போகத் தொடங்கிய நேரத்தில் வீட்டு வாசல் வந்துவிட்டது. ஷூவைக் கழற்ற மனமில்லாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னப்பா, இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்கள்?” என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. ஞாயிறு காலைகளில் நான் வீட்டில் இல்லாததற்குப் பழகிப்போனவள். “இன்றைக்கு இவ்வளவுதான் கண்ணு” என்றேன். சொல்லும்போதே நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அயர்ன்மேன் டிரையத்லான் போட்டி. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலுக்குத் தனிக் கெடு 2 மணி 20 நிமிடம். நான் அலுவலக வேலை பார்க்கிறவன், வயது நாற்பத்து நான்கு. விடிவதற்கு முன்னும் விடுமுறை நாட்களிலும் கிடைக்கும் நேரத்தில்தான் பயிற்சி. இது என் இரண்டாவது முயற்சி.

முதல் முயற்சி ஓட்டத்தின் 29-ஆவது கிலோமீட்டரில் நின்றுபோனது. இரண்டு தொடைகளும் கட்டையாக இறுகிவிட்டன. சாலையோரம் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. தன்னார்வலர் ஒரு பெண் வந்து என் முன் மண்டியிட்டு, என் கணுக்காலில் கட்டியிருந்த நேரக் கருவியின் பட்டையைப் பிரித்தார். பட்டை ஒட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அது பிரிந்த ‘சர்ர்’ என்ற சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டையைத் தன் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படி ஆனது என்று பல மாதங்கள் யோசித்திருக்கிறேன். வெயில், உணவு, வேகம் என்று பல காரணங்களைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் மூல காரணம் போட்டிக்கு எட்டு நாள் முன்பு வந்த சனிக்கிழமை. அன்று அட்டவணையில் 90 நிமிட சைக்கிள்தான் இருந்தது. நான் 150 கிலோமீட்டர் போனேன். பயிற்சி போதவில்லையோ என்ற பயம். முந்தின இரவு மனைவி, “இப்போது போய் இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?” என்று கேட்டாள். ஒரு கடைசி தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்றேன். நிம்மதி கிடைத்தது உண்மை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அந்த நிம்மதிக்கான விலையை எட்டு நாள் கழித்து 29-ஆவது கிலோமீட்டரில் கொடுத்தேன்.

இப்போதும் அதே சனிக்கிழமை வருகிறது. மூன்று நாளில்.

என் பயிற்சியின் உச்ச வாரம் போட்டிக்கு நான்கு வாரம் இருக்கும்போது முடிந்தது. மொத்தம் 17 மணி நேரம். அதற்கடுத்த சனிக்கிழமைதான், அதாவது இன்றிலிருந்து பதினொரு நாளுக்கு முன், கடைசி நீண்ட சைக்கிள் பயணம். 160 கிலோமீட்டர் திட்டம். என்னுடன் வழக்கமாக வருகிற அண்ணாவும் வந்திருந்தார். சொந்த அண்ணன் இல்லை. பன்னிரண்டு வயது மூத்தவர், இந்தத் தூரத்தை ஐந்து முறை முடித்தவர், நீச்சல் குளத்தில் பழக்கமானவர்.

புறப்பட்ட முதல் மணி நேரத்திலேயே நான் தவறு செய்தேன். போன முறை தெம்பில்லாமல் நின்றுபோன ஞாபகம் மனதில் இருந்ததால், இந்த முறை நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று கெட்டியாகக் கலக்கிய பானத்தைக் குடித்து, அதன் மேல் சர்க்கரை ஜெல்லும் விழுங்கினேன். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 110 கிராம் மாவுச்சத்து. வெறும் தண்ணீர் ஒன்றிரண்டு வாய் மட்டும். குடலால் குளுக்கோஸை மணிக்குச் சுமார் 60 கிராம் வரைதான் உறிஞ்ச முடியும். ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் 90 கிராம் வரை தாங்கும், அதுவும் பழக்கியிருந்தால். மிச்சமெல்லாம் வயிற்றிலும் குடலிலும் தேங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கும். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவைதான். வெயிலில், எதிர்க்காற்றில், பயத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போது படித்தது நினைவுக்கு வரவில்லை.

நூறு கிலோமீட்டர் தாண்டியதும் வயிறு உப்பியது. முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடியான ஏரோபாரில் குனிய முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று மார்பில் அறைந்தது. 118-ஆவது கிலோமீட்டரில் இறங்கி வாந்தி எடுத்தேன். மறுபடி ஏறி பதின்மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், முடியவில்லை. மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அண்ணா தன்னுடைய தண்ணீர்ப் புட்டியை என்னிடம் கொடுத்து, “மெதுவாக, வாய் நனைகிற அளவுக்கு மட்டும் குடி” என்றார். நான் போட்டிக்கே போக வேண்டாம் என்று நினைக்கிறேன் என்று சொன்னேன். அவர் என் தொடையை அமுக்கிப் பார்த்தார். வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன். மறு தொடையையும் அமுக்கினார். அங்கும் வலி இல்லை.

“அப்படியானால் இது வயிற்றுச் சங்கதி தம்பி. கால் தயாராக இருக்கிறது. வயிற்றைச் சரிசெய்ய மூன்று வாரம் தாராளம்” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் எனக்குள் ஒரே சண்டை. அந்த 160 கிலோமீட்டரை முடிக்காமல் விட்டது அரைகுறையாகத் தைத்த சட்டை போல மனதில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமையே மீண்டும் போய் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அண்ணாவிடம் கேட்டேன். “முடித்தால் என்ன கிடைக்கும்?” என்று திருப்பிக் கேட்டார். நம்பிக்கை கிடைக்கும் என்றேன். “போன முறையும் அதைத்தானே வாங்கினாய்?” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

அதனால் போன சனிக்கிழமை மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டினேன், வயிற்றுக்காகவே. மணிக்கு 75 கிராம் என்று வைத்துக்கொண்டேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரம் அதிரும், 25 கிராம் உள்ளே போகும், உடனே மூன்று நான்கு வாய் தண்ணீர். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் இதுதான் முறை. மூன்று மணி நேரமும் வயிறு இருப்பதே தெரியவில்லை. இறங்கியதும் ஷூ மாற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் ஓடினேன். சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடுவதைப் பிரிக் பயிற்சி என்பார்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் கால் நம்முடையதாகவே இருக்காது. இடுப்புக்குக் கீழே யாரோ வேறொருவரின் கால்களை மாட்டிவிட்டதைப் போல இருக்கும். வேகமாகப் போகிறோமா மெதுவாகப் போகிறோமா என்பதும் தெரியாது. அந்த நேரத்தில் அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். மூன்றாவது கிலோமீட்டரில் கால் திரும்பி வந்துவிடும். அன்றும் வந்தது. அந்த இடத்தில், ஒரு பாலத்தின் ஏற்றத்தில், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது நான் இருப்பது டேப்பர் காலம். பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, உடம்பில் சேர்ந்திருக்கும் களைப்பை வடியவிடும் வாரங்கள். 2007-இல் ஆய்வாளர் லோரான் பொஸ்கேயும் அவருடைய குழுவினரும் இது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டு வார காலத்தில் பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, தீவிரத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்திருந்தது. என் கணக்கு 17 மணி நேரத்திலிருந்து படிப்படியாக இறங்கி, போன வாரம் 12, இந்த வாரம் 8, கடைசி வாரம் 4. நேரம் குறைகிறதே தவிர, நடுவில் வேகமாகச் செய்யும் சில நிமிடங்கள் அப்படியே இருக்கின்றன. இன்றைய நாற்பது நிமிடத்திலும் மூன்று மூன்று நிமிடமாக நான்கு முறை வேகத்தைக் கூட்டினேன்.

சொல்வதற்கு எளிது. உடம்பு இதைச் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. திங்கட்கிழமை இடது முழங்காலின் வெளிப்புறம் ஒரு குத்தல். செவ்வாய்க்கிழமை அது காணாமல்போய் வலது குதிகாலில் வந்து உட்கார்ந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தும்மினால் எனக்குத் தொண்டை கரகரக்கிறது. 17 மணி நேரம் உழைத்த வாரத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு உடம்பின் சிறு முனகல்களைக் கேட்க எனக்கு நேரமில்லை என்றே நினைக்கிறேன். இப்போது ஒவ்வொன்றும் கேட்கிறது. அண்ணாவிடம் குதிகாலைப் பற்றிச் சொன்னேன். “படி ஏறும்போது வலிக்கிறதா? காலையில் எழுந்ததும் முதல் அடியில் வலிக்கிறதா?” என்றார். இரண்டும் இல்லை. “வெள்ளிக்கிழமை மறுபடி கேள், இருந்தால் பார்ப்போம்” என்றார்.

எடையும் ஏறியிருக்கிறது, 1.2 கிலோ. முதல் முறை இதைப் பார்த்துப் பதறி, போட்டிக்கு முந்தின வாரத்தில் சாப்பாட்டைக் குறைத்தேன். அது இரண்டாவது தவறு. உடம்பு எரிபொருளாகச் சேமித்து வைக்கும் சர்க்கரைக்குக் கிளைகோஜன் என்று பெயர். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பயிற்சி குறைந்து சாப்பாடு அப்படியே இருந்தால் எடை ஏறத்தான் வேண்டும். அது போட்டி நாளுக்கான கையிருப்பு. இந்த முறை எடைக் கருவியை மனைவியிடம் கொடுத்து எங்காவது எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

நீச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் நீந்தக் கற்றுக்கொண்டதே முப்பத்தெட்டு வயதில். குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், பக்கத்தில் சுவர் இருக்கும். திறந்த நீரில் இரண்டும் இல்லை. கையை நீட்டினால் விரல் நுனி மட்டும் மங்கலாகத் தெரியும், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாத பச்சை. முதன்முதலில் அந்தப் பச்சையைப் பார்த்தபோது மூச்சு அடைத்து, மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா பக்கத்தில் வந்து, என்னைத் தொடாமல், அவரும் மல்லாந்து மிதந்தார். ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தோம்.

இப்போது எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. எட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை, மூச்சுக்குத் திரும்புவதற்குச் சற்று முன், கண்களை மட்டும் முதலை போல நீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்க்கிறேன். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும். மிதவை தெரியாவிட்டால் பதறி உடனே மறுபடி தேடுவதில்லை, அடுத்த எட்டு வரும்வரை பொறுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இப்படியே 3,000 மீட்டர் நீந்தினேன். ஓரிடத்தில் கிழக்கே திரும்பியபோது சூரியன் நேர் கண்ணில் அடித்தது, மிதவையே தெரியவில்லை. கரையில் ஒரு பெரிய மரத்தை முன்பே பார்த்து வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நீந்தினேன். நீர் 24.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால், உடம்பைச் சூடாக வைக்கும் ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட் அணிந்து தரவரிசையில் இடம்பெற முடியாது என்பது நான் கலந்துகொள்ளும் போட்டியின் விதி. அதனால் வெட்சூட் இல்லாமலும் பழகியிருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் கரையேறினால் எனக்குப் போதும்.

நேற்று மாலை சைக்கிளோடு கழிந்தது. புதுச் செயின் போட்டு இரண்டு வாரம் ஆகிறது, பழகிவிட்டது. போட்டி வாரத்தில் எதையும் புதிதாக மாட்டக் கூடாது என்பதால் முன்கூட்டியே மாற்றியிருந்தேன். கூடத்தில் பழைய துணியை விரித்துப் பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகினேன். மகள் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். முதல் முறை ஒன்பது நிமிடம். இரண்டாவது முறை ஆறு நிமிடம் நாற்பது விநாடி. இதில் அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு: புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது. முள்ளோ கண்ணாடித் துணுக்கோ உள்ளேயே இருந்தால் புது டியூபும் போய்விடும். நான் தடவிக்கொண்டே வந்தபோது வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தால் மெல்லிய கம்பித் துணுக்கு, கண்ணிமை முடி அளவுக்கு. டியூபில் இன்னும் ஓட்டை போடவில்லை. இன்னும் சில கிலோமீட்டரில் போட்டிருக்கும். அதை மகள் ஒரு தாளில் ஒட்டித் தேதி எழுதி வைத்திருக்கிறாள்.

இந்தப் போட்டியின் கதையில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓஹூ தீவில் முதன்முதலாக இது நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்த கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முடித்தார். மூன்று போட்டிகளை ஒரே நாளில் இணைத்தால் என்ன என்ற யோசனையை முன்வைத்த ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அன்று கலந்துகொண்டார். அவருக்கு ஆன நேரம் 17 மணி 0 நிமிடம் 38 விநாடி. இன்றைய கெடுவை வைத்துப் பார்த்தால், இதை உருவாக்கியவரே 38 விநாடி தாமதம். அவருக்குப் பிறகும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள், கடைசியாக வந்தவருக்கு 21 மணி நேரம் ஆனது. ஹாலரை விட அந்த மூன்று பேரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். இரவு முழுக்க ஓடியும் நடந்தும் வந்திருப்பார்கள்.

எனக்கு இந்த முறை ஒரே ஒரு திட்டம். சைக்கிளின் முதல் 30 கிலோமீட்டரில் யார் தாண்டிப் போனாலும் போகட்டும். ஒரு மணி நேரம் முழு மூச்சாக ஓட்டினால் என்னால் தாங்கக்கூடிய சக்தியில் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஏற்றத்திலும் 80-ஐத் தாண்டக் கூடாது. முன்னே போகிறவருக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி. ஓட்டத்தில் முதல் பத்து கிலோமீட்டர், இது மிகவும் மெதுவோ என்று தோன்றும் வேகத்தில். 29-ஆவது கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது என்ன செய்வேன் என்று மனைவி கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சைக்கிளின் ஹேண்டில்பாரில், என் பார்வை படும் இடத்தில், வெள்ளை டேப் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். அதில் எழுதுவதற்கு மகளிடம் பேனாவைக் கொடுத்தேன். நான் சொன்னது மூன்று வரி: முதல் 30 மெதுவாக. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சாப்பாடு. உடனே தண்ணீர். எழுதி முடித்துவிட்டு, என்னிடம் கேட்காமலே நான்காவதாக ஒரு வரியைச் சேர்த்தாள்: “அப்பா, நாங்கள் கடைசியில் நிற்போம்.” டேப்பில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகள் பக்கவாட்டில் வளைந்து இறங்கியிருக்கின்றன.

நாளை நீச்சல் 1,500 மீட்டர். வெள்ளிக்கிழமை ஓய்வு, அன்றைக்குக் குதிகாலைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை 5.30-க்குக் கிளம்பி 90 நிமிடம் சைக்கிள். அண்ணாவும் வருகிறார். ஏழு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.